யானை இல்லாத யாளி

ரெண்டு மாசமா ராத்திரி பதினோரு மணிக்கு மேல ஒரு யாளி வரைஞ்சிட்டு இருந்தேன். ஆபீஸ்ல பில்ட் ஓடி முடியற வரைக்கும் சும்மா இருக்க முடியாம ஆரம்பிச்ச கிறுக்கல், அப்படியே வீட்டுக்கும் கூட வந்துடுச்சு. பேப்பர், தூரிகை, வண்ணம்னு வாங்கிப் பரப்பி வெச்சு வரைய வாடகை வீட்ல இடம் ஏது? ஒரு சின்ன பேனா டேப்லட், கிரிட்டா மென்பொருள், அவ்வளவுதான் நம்ம சித்திரக்கூடம்.

படத்துக்கான இடம் கல்வராயன் மலை. காலேஜ் படிக்கும்போது ஒரு மார்கழியில நாலு பேர் ரெண்டு பைக்ல வெள்ளிமலைக்குப் போயிருந்தோம். ஏற ஏற முன்னால போற வண்டியோட சிவப்பு விளக்கு மட்டும் தெரிஞ்சுது, ஒரு வளைவுக்கு அப்புறம் அதுவும் தெரியல. பக்கத்துல இருக்கிற மரம் கறுப்பா, அடுத்தது சாம்பலா, அதுக்கடுத்தது பேருக்கு ஒரு கோடா. அந்தப் பனிக்குள்ள இருந்து ஒண்ணு எட்டி வெச்சு வந்தா எப்படி இருக்கும்? அதான் படம். சிங்க முகம், தும்பிக்கை, கோரைப்பல், தூக்கின முன்னங்கால். பின்னால வெள்ளைப் பனி. தப்பா ஒண்ணும் தெரியல, சொல்லப்போனா கொஞ்சம் பெருமையாவே இருந்தேன்.

ஆபீஸ்ல பக்கத்து சீட் நண்பர் பார்த்துட்டு, "ட்ராகன் சூப்பரா இருக்கு பாஸ்"னார்.

சரி, அவர் வடக்கத்திக்காரர், யாளி தெரியாதுன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். பொங்கலுக்கு உளுந்தூர்பேட்டை போனப்ப லேப்டாப்ல ஆயாகிட்ட காட்டினேன். ஆயா கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்துச்சு.

"யாளியாடா?"

"ஆமா ஆயா." (தெரிஞ்சுடுச்சே!)

"அப்ப யானை எங்க? கோயில் தூண்ல யானை மேலல்ல நிக்கும். இது என்ன காத்துல நிக்குது?"

இந்தப் பதிவு அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடிப்போன கதை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

முதல்ல தூண்ல இருந்தே ஆரம்பிச்சேன். இன்னிக்கு யாளின்னு சொன்னா நம்ம கண்ணுக்கு வர்றது பெரும்பாலும் விஜயநகர, நாயக்கர் காலத்துத் தூண்தான். வேலூர் கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபம், மதுரையில் திருமலை நாயக்கர் (1623-1659) கட்டின புதுமண்டபம், இந்த மாதிரி இடங்கள்ல இருக்கிறது. ரெண்டு ஆள் உயரத்துக்குப் பின்னங்காலில் எழும்பி நிக்கும். சிலதுக்கு வாய்க்குள்ள கல் பந்து இருக்கும், விரலை விட்டு உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. சின்ன வயசுல நாம எல்லாரும் அந்தப் பந்தைத்தான் பார்த்தோம். கீழே பார்க்கல. கீழே பார்த்தா நிறைய தூண்கள்ல ஒரு யானை இருக்கு. யாளியோட தும்பிக்கை கீழே இறங்கி யானையோட தும்பிக்கையைச் சுத்திப் பிடிச்சிருக்கும். யானை இல்லாத இடத்துல ஒரு மகரம் இருக்கும். ஆயா சொன்னது நூத்துக்கு நூறு சரி, அது காத்துல நிக்கிற பிராணி இல்ல.

இதுல இன்னொரு விஷயமும் உண்டு. அந்தத் தூண் மேல கல் கூரை உட்கார்ந்திருக்கு. டன் கணக்குல பாரம். சிற்பிக்கு யாளி ஒரு அலங்காரம்னாலும் பாக்கிறவன் கண்ணுக்கு அதுதான் கூரையைத் தாங்குது. அதனால அந்தத் தொடை, மார்பு, வளைஞ்ச முதுகு எல்லாத்துலயும் ஒரு முறுக்கு இருக்கும். என் படத்துல அந்த முறுக்கு அப்படியே இருந்துச்சு, ஆனா மேல பாரமும் இல்ல, கீழ எதிரியும் இல்ல. சும்மா வெத்து இடத்துல தம் கட்டிக்கிட்டு நிக்குது. ஜிம்ல கண்ணாடி முன்னாடி நிக்கிறவன் மாதிரி :-)

தூணுக்குள்ள இந்த மிருகம் எப்ப புகுந்ததுன்னு பார்க்க எங்க பக்கத்தை விட்டு ரொம்ப தூரம் போக வேண்டியதில்ல. விழுப்புரத்துக்கு வடக்கே மண்டகப்பட்டு. மகேந்திரவர்ம பல்லவனோட குடைவரை, ஏழாம் நூற்றாண்டு ஆரம்பம். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாம கட்டினேன்னு அங்கே அவனே கல்வெட்டுல பெருமை அடிச்சிருக்கான். அந்தத் தூண்கள் கனமா, சதுரமா, நடுவுல எண்பட்டையா இருக்கும். மிருகம் கிடையாது. அடுத்து வந்த மாமல்லன் பாணியில தூணோட அடியில சிங்கம் உட்கார ஆரம்பிக்குது. எட்டாம் நூற்றாண்டு ஆரம்பத்துல ராஜசிம்மன் காலம் வந்ததும், விழுப்புரத்துக்கு வடமேற்கே பனைமலையிலயும் காஞ்சி கைலாசநாதர்லயும், சிங்கம் எழுந்து நின்னுடுச்சு. மிருகமே இல்லாத தூண்ல இருந்து எழுந்து நிக்கிற சிங்கம் வரைக்கும் ஒரு நூறு வருஷம். நம்ம ஊர் அரசாங்க ஆபீஸ் ஃபைலை விட வேகம்தான்.

சோழர்கள் இதைச் சின்னதாக்கிட்டாங்க. தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துல வரிசையா ஓடுதே, அதுக்குப் பேரே யாளிவரி. அதுக்கப்புறம் விஜயநகர காலத்துல மறுபடி பெரிசாகி, தும்பிக்கை, கோரைப்பல், முதுகில் வீரன்னு எல்லாத்தையும் வாங்கிக்கிச்சு. சிம்ம முகம் இருந்தா சிம்ம யாளி, யானை முகம்னா கஜ யாளி, குதிரைன்னா அஸ்வ யாளி. சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா உடம்பு ஒண்ணு, தலை மட்டும் பிளக்-இன்.

ஆனா இதெல்லாம் கல்லுக்கு வந்த பிறகு நடந்த கதை. கல்லுக்கு வர்றதுக்கு முன்னாடி அது எங்க இருந்துச்சு?

பாட்டுல இருந்துச்சு. சங்க இலக்கியத்துல 'ஆளி'ன்னு வருது. பொருநராற்றுப்படையில கரிகாலன் சின்ன வயசுலயே எதிரிகளை ஜெயிச்சதைச் சொல்ல ஒரு உவமை. தாய்ப்பால் குடிக்கிறதையே இன்னும் விடாத ஆளிக்குட்டி, தன்னோட முதல் வேட்டையிலேயே ஒரு ஆண் யானையைக் கொன்ன மாதிரின்னு. அகநானூற்றுல ஒரு பாட்டுல ஆளி யானையோட கொம்பைப் பிடுங்கி உள்ளே இருக்கிற குருத்தைத் தின்னுது. பாருங்க, ஆளி பேர் வர்ற இடத்துல யானையும் கூடவே வருது. ஆளி எவ்வளவு பெரிசுன்னு யாரும் அளந்து சொல்லல. யானையைக் கொல்லும்னு சொல்லிட்டாங்க, போதும். ஊர்ல பெரிசுன்னு நமக்குத் தெரிஞ்சது யானை. அதையே இரையாக்கினா, இது எவ்வளவு பெரிசுன்னு படிக்கிறவன் மனசே கணக்குப் போட்டுக்கும்.

அதாவது யானைதான் அளவுகோல். ஆயிரத்து ஐநூறு வருஷம் கழிச்சு ஒரு நாயக்கர் காலத்துச் சிற்பி தூணுக்கு அடியில யானையைச் செதுக்கும்போது அதே பழைய கதையைத்தான் செதுக்கியிருக்கான். அவனுக்குப் பாட்டு தெரிஞ்சிருக்கணும்னு அவசியமில்ல, கதை கை மாறிக் கை மாறி வந்திருக்கும். எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு, இது வெறும் என் ஊகம். நான் படிச்ச சங்கப் பாட்டுகள்ல ஆளிக்குத் தும்பிக்கை இல்ல. கல்லுல இருக்கு. கொன்னவனுக்குச் செத்தவனோட மூக்கையே மாட்டி விட்டுட்டாங்களோ?

(இணையத்துல யாளி நிஜமா வாழ்ந்த மிருகம், டைனோசர், குமரிக்கண்டம்னு ஒரு கூட்டம் எழுதிக்கிட்டு இருக்கு. எலும்பைக் காட்டுங்க, அப்புறம் பேசலாம். ஆளின்னா சிங்கம்தான்னு சொல்றவங்களும் இருக்காங்க, அது மதிக்க வேண்டிய வாதம். எனக்கென்னமோ பார்த்தே இராத ஒரு மிருகத்தை வெச்சு இவ்வளவு பயமுறுத்தினதுதான் பெரிய சாதனையாத் தெரியுது.)

இப்ப கபிலர் கிட்ட வரேன். எங்க ஊர்க்காரன் எவனும் இந்த இடத்துல கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கலாம். உளுந்தூர்பேட்டைன்னா திருச்சி ரோடும் சேலம் ரோடும் பிரியற இடம், டோல்கேட்னுதான் உலகத்துக்குத் தெரியும். அங்கிருந்து திருக்கோவிலூர் ரொம்ப தூரமில்ல. 2019-ல இருந்து ரெண்டு ஊரும் ஒரே கள்ளக்குறிச்சி மாவட்டம். திருக்கோவிலூர்ல தென்பெண்ணை ஆத்துக்குள்ள ஒரு பாறை, மேல சின்னதா ஒரு கோயில். கபிலர் குன்று. பாரி செத்த பிறகு அவன் மகளை மலையமானுக்குக் கொடுத்துட்டு கபிலர் தீயில் இறங்கின இடம்னு அங்க வீரட்டானேஸ்வரர் கோயில்ல ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டே சொல்லுது. மலையமான் திருமுடிக்காரி கோவலூரை ஆண்டவன், கபிலர் அவனைப் பாடியிருக்கார்.

கபிலரோட குறிஞ்சிப்பாட்டுன்னதும் எல்லாரும் அந்த 99 பூக்களைத்தான் சொல்வாங்க. ஸ்கூல்லயும் அதைத்தான் சொல்லிக் கொடுத்தாங்க. நானும் அதோட மூடி வெச்சிருந்தேன். இந்தத் தடவை முழுசா உரையோட படிச்சேன். கடைசிப் பக்கம் வரும்போது ஒரு இடம். காதலன் ராத்திரி நேரத்துல மலைவழியில அவளைப் பார்க்க வர்றான். அவன் வர்ற வழியில என்னென்ன இருக்குன்னு அவள் நினைச்சு நினைச்சு நடுங்கறா. குகையில அடைஞ்ச புலி, ஆளி, கரடி, காட்டு மாடு, யானை, இடி, அணங்கு, இரை தேடற பாம்பு, ஆழமான மடுவுல முதலை, வழுக்கற வழி, பேய், மலைப்பாம்பு. ஒரே மூச்சுல பட்டியல்.

எனக்கு அங்க சட்டுனு உறைச்சது இதுதான். ஆளி அங்க நிக்கல. யார் கண்ணுக்கும் தெரியல. கும்மிருட்டு, மழைக்காலம், வழுக்கற பாறை, எங்கேயோ இடி. அதுக்கு நடுவுல ஒரு பொண்ணோட பயத்துக்குள்ள ஆளி இருக்கு. புலியும் கரடியும் யானையும் நிஜம், அணங்கும் பேயும் வேற வகை, ஆளி ரெண்டாவது இடத்துலயே புலிக்கும் கரடிக்கும் நடுவுல ஓசைப்படாம நுழைஞ்சிருக்கு. இன்னிக்கு விளையாட்டு கம்பெனிகள்ல கற்பனை மிருகம் வரையறவங்க இதைத்தான் முதல் பாடமா வெச்சிருக்காங்க, பொய்யை நிஜங்களுக்கு நடுவுல வை, சூழல் அதை நம்ப வைக்கும்னு.

சூழல்னதும் என் வெள்ளைப் பனிக்கு வரேன். அதோட வரலாறையும் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன், ஏன்னா தப்பு பாதி அங்கதான் இருந்துச்சு.

எட்ட இருக்கிறது வெளுத்து, நீலம் பாய்ஞ்சு, விளிம்பு கரைஞ்சு தெரியும்ங்கிறதை ஓவியமா செஞ்சதுல சீனாக்காரங்க முன்னோடி. குவோ ஷீ வரைஞ்ச 'இளவேனில் தொடக்கம்' 1072-ஐச் சேர்ந்தது, பட்டுத்துணியில மை. இங்க குலோத்துங்கன் பட்டத்துக்கு வந்து ரெண்டே வருஷம். மலைக்கும் மலைக்கும் நடுவுல வெறும் பட்டை விட்டு வெச்சே பனியைக் காட்டியிருப்பார். ஐரோப்பாவுல 1500-ஐ ஒட்டி லியொனார்டோ இதைப் பத்திக் குறிப்பெல்லாம் எழுதி வெச்சார். கம்ப்யூட்டருக்கு வந்தது 1984-ல, லூகாஸ்ஃபிலிம்ல இருந்த போர்ட்டரும் டஃப்பும் படங்களை ஒண்ணு மேல ஒண்ணு வைக்கிற கணக்கை ஒழுங்குபடுத்தி எழுதினாங்க. மேல இருக்கிறது எவ்வளவு மறைக்குதோ அது போக மீதியில கீழே இருக்கிறது தெரியும், அவ்வளவுதான் சூத்திரம். போட்டோஷாப்ல லேயர் வந்தது 1994-ல, மூணாவது பதிப்புல. இன்னிக்கு நாம பேனாவால ஒரு தடவு தடவி மூடுபனி போடறதுக்கு அடியில ஓடறது இந்தக் கணக்குதான். பாதி மறைக்கிற பனி லேயர் அஞ்சு போட்டா அஞ்சாவதுக்குப் பின்னால இருக்கிற மலை 32-ல ஒரு பங்குதான் மிஞ்சும். கிட்டத்தட்ட இல்லாத மாதிரி. வெள்ளிமலை ரோட்டுல அந்தச் சிவப்பு விளக்கு காணாமப் போனது அப்படித்தான்.

நம்ம பக்கம்? தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுத்தின உள்சுற்றுல, ஆயிரம் வருஷத்துக்கு முந்தின சோழர் ஓவியம் இருக்கு. 1931-ல எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடிக்கிற வரைக்கும் அது நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில மறைஞ்சிருந்துச்சு. அப்புறம் தொல்லியல் துறை மேல இருந்த நாயக்கர் படத்தைச் சிதைக்காம தனியா உரிச்சு எடுத்து ரெண்டையும் காப்பாத்தினாங்க. கல்சுவர்ல நிஜமாவே ரெண்டு லேயர், கண்ட்ரோல்-இசட் இல்லாம செஞ்சிருக்காங்க, நினைச்சாலே கை நடுங்குது. அதுல இருக்கிற பெரிய படம் ஒண்ணு சுந்தரர் கதை. சுந்தரர் பிறந்த திருநாவலூரும், கிழவர் ஓலையைக் காட்டி வழக்காடின திருவெண்ணெய்நல்லூரும் எங்க ஊருக்குப் பக்கத்து ஊருங்க. கீழே அந்த வழக்கு நடக்குது, நடுவுல சுந்தரர் வெள்ளை யானையிலயும் சேரமான் பெருமாள் குதிரையிலயும் பறக்கறாங்க, உச்சியில கைலாசம்.

அதுல பனி கிடையாது. மேல போகப் போக எதுவும் வெளுக்கல. கைலாசத்துல இருக்கிறவங்களும் திருவெண்ணெய்நல்லூர்ல இருக்கிறவங்களும் ஒரே தெளிவு, ஒரே கோடு. முன்னாடி இதைப் பார்த்தப்ப, 'நம்மாளுங்களுக்கு தூரம் காட்டத் தெரியல போல'ன்னு ஒரு மேதாவித்தனமான எண்ணம் வந்துச்சு. இப்ப வெட்கமா இருக்கு. கைலாசம் ஏன் மங்கணும்? பக்தனுக்கு அது தூரமான இடமா என்ன? அந்த ஓவியனுக்கு மங்க வைக்க வேண்டிய தேவையே இல்ல.

மங்க வைக்கிற வேலையை நம்ம மரபுல பாட்டு பார்த்துக்கிச்சு, அதுவும் இலக்கணம் போட்டு. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் நிலத்தோட நிறுத்தாம நேரமும் பருவமும் குறிச்சுக் கொடுக்குது. குறிஞ்சிக்கு நேரம் யாமம், அதாவது நடு ராத்திரி. பருவம் கூதிர், ஐப்பசி கார்த்திகை. முன்பனியும் அதுக்கு உண்டு, மார்கழி தை. அந்த இடம், அந்தப் பொழுது, அதுல வாழற மிருகம், பறவை, மரம் எல்லாம் சேர்ந்துதான் உள்ளே நடக்கிற உணர்ச்சி. கபிலரோட ஆளி ஐப்பசி நடுராத்திரி மிருகம். நான் அதை மார்கழிக் காலையில, டீக்கடை திறக்கிற வெளிச்சத்துல நிக்க வெச்சிருக்கேன்! பருவத்துல பாதி மார்க் கொடுக்கலாம், பொழுது சுத்தமா அவுட். வெள்ளைப் பனியில றெக்கை இல்லாம ஒரு மிருகம் தனியா நின்னா உலகம் பூரா அதுக்கு ட்ராகன்னுதான் பேர் வைக்கும், நண்பர் மேல தப்பே இல்ல.

பழைய ஃபைலை அப்படியே ஓரமா வெச்சுட்டு புதுசா ஒரு கேன்வாஸ் திறந்தேன்.

இருட்டுல பனி வரையறது லேசுப்பட்ட காரியம் இல்ல. பகல்ல தூரமா இருக்கிறது பனியோட நிறத்துக்குப் போய்ச் சேரும், வெள்ளையாகும். ராத்திரியில பனியோட நிறமே கறுப்பு, அப்ப கிட்டத்து மரமும் கறுப்பு, எட்டத்து மலையும் கறுப்பு, படம் மொத்தமும் தார் டின். மூணு நாள் இதுல முட்டிக்கிட்டு நின்னேன். வழி பட்டியல்லயே இருந்துச்சு. இடி. இடின்னா மின்னல் உண்டு. மின்னல் பனிக்குப் பின்னால வெட்டினா ஒரு நொடி பனி மொத்தமும் ஒளிரும், அதுக்கு முன்னால இருக்கிறதெல்லாம் வெறும் நிழலுருவமா நிக்கும். சூத்திரம் அதேதான், பனியோட நிறத்தை மட்டும் மாத்தினா போதும்.

அப்படிப் போட்டேன். முன்னால பாதி இருட்டுல வழுக்குப் பாறை, ஈரம் மட்டும் மினுங்குது. நடுவுல யானை, பின்பக்கம் நமக்குக் காட்டி, காதை விரிச்சு, தும்பிக்கையைத் தூக்கிக்கிட்டு. பெரிய கொம்பன். அது எதைப் பார்த்து அப்படி நிக்குதோ அது மின்னலுக்கும் யானைக்கும் நடுவுல, பனிக்குள்ள. தலை இருக்கு, தோள் இருக்கு, கீழ் பாதி கரைஞ்சு போச்சு. கோரைப்பல், பிடரி, செதில்னு முதல் படத்துல ரெண்டு மாசம் உயிரைக் கொடுத்து வரைஞ்சது ஒண்ணுமே தெரியல. கொஞ்சம் வயிறு எரிஞ்சுது. ஆனா யானை அதோட மார்பு உயரத்துக்குத்தான் வருது, அதை வெச்ச உடனே தோள் எவ்வளவு அகலம்னு எனக்கே திடுக்குனு இருந்துச்சு.

தும்பிக்கை வெக்கிறதா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். சங்கப் பாட்டுப்படி வேண்டாம், தூண்படி வேணும். கடைசியில வெச்சிட்டேன், ஆயா பார்த்தா அடையாளம் தெரியணும்ல.

போன ஞாயித்துக்கிழமை தம்பி போன்ல வீடியோ கால் போட்டுக் காட்டினான். ஆயா திரையைக் கண்ணுக்குக் கிட்ட கொண்டு போச்சு, தள்ளிப் பிடிச்சுச்சு.

"யானை வந்துடுச்சு" னுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, "ஏன்டா, இது தப்பிச்சிடுமா?"